எஃப்ஏஏ பேவ்ஏர் மதிப்புரை: விமான நிலையத் தளங்களின் நிலையைப் பதிவு செய்ய ஓர் இலவசக் கருவி

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, விமான நிலையங்களின் ஓடுபாதை, ஓடுபாதைக்கும் நிறுத்துதளத்துக்கும் இடையே விமானங்கள் ஊர்ந்து செல்லும் டாக்ஸிவே, விமான நிறுத்துதளம் ஆகியவற்றின் நிலையைப் பதிவு செய்து அவற்றின் பராமரிப்பைத் திட்டமிடுவதற்காக உருவாக்கி இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் மென்பொருள் பேவ்ஏர். தனிப் பொறியியல் பிரிவு இல்லாத சிறிய விமான நிலையங்களுக்கு இதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பரிந்துரைக்கும் காரணம் மட்டும் பலர் எதிர்பார்ப்பதிலிருந்து சற்று வேறானது. பூஜ்யம் முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தருவது இதன் சிறப்பு என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள்; அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையான அளவுகளை, எந்த இடத்தில் எந்தச் சேதம் எவ்வளவு இருந்தது என்ற விவரத்தோடு, பல ஆண்டுகளுக்கு ஒரே வடிவில் காத்து வைப்பதையே நான் இதன் பெரும்பயனாகக் கருதுகிறேன். ஆகவே இந்த மதிப்புரையில் திரைகளையும் பொத்தான்களையும் பற்றிக் குறைவாகவும், மென்பொருளுக்குள் செல்லும் தரவு எப்படித் திரட்டப்படுகிறது என்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

இப்படி ஒரு கருவி தேவைப்பட்டதன் பின்னணியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 1995 ஜனவரி 1-க்குப் பிறகு தளங்களைப் புதுப்பிக்கவோ மாற்றிக் கட்டவோ கூட்டாட்சி நிதியுதவி பெறும் விமான நிலையங்கள், முறையான தளப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியிருப்பதாக உறுதியளிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் தளங்களின் பட்டியல், ஆய்வுக் கால அட்டவணை, பதிவேடுகள் ஆகியவை இருக்க வேண்டும். பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் கோப்பில் வைத்திருக்க வேண்டும். விரிவான ஆய்வு ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பது பொது விதி. மேலே சொன்ன பூஜ்யம் முதல் 100 வரையிலான மதிப்பெண்ணான தளநிலைக் குறியீட்டெண், அதாவது பிசிஐ, முறைப்படி ஆய்வு செய்த வரலாறு இருந்தால் அந்த இடைவெளியை மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இடையில் மாதந்தோறும் வண்டியில் சுற்றிப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. எத்தனையோ சிறிய விமான நிலையங்கள் இந்தக் கடமையைக் காகிதக் கோப்புகளிலும், எழுதியவர் ஓய்வு பெற்றபின் வேறெவருக்கும் புரியாத விரிதாள்களிலும் நிறைவேற்றி வந்தன. அந்த இடத்தில்தான் பேவ்ஏர் உதவுகிறது.

மென்பொருளின் அமைப்பு நேரானது. ஒரு விமான நிலையம் முழுவதும் ஒரு வலையமைப்பு. அதற்குள் ஒவ்வோர் ஓடுபாதையும், டாக்ஸிவேயும், நிறுத்துதளமும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளையும் பல பிரிவுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஆய்வுக்கான மாதிரிக் கட்டங்கள் அமைகின்றன. திரையில் பார்க்க இது சாதாரணமான மர வரிசைதான். ஆனால் பிரிவின் எல்லையை எங்கே போடுவது என்ற முடிவு, பின்னால் வரும் எல்லாக் கணக்கையும் தீர்மானித்துவிடுகிறது. ஒரே காலத்தில், ஒரே அடுக்கமைப்பில் கட்டப்பட்டு, ஏறக்குறைய ஒரே போக்குவரத்தைத் தாங்கும் பரப்பே ஒரு பிரிவாக இருக்க வேண்டும். அகன்ற ஓடுபாதை ஒன்றில் விமானச் சக்கரங்கள் நடுப்பட்டையில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. விளிம்புகள் வெயிலையும் மழையையும் மட்டுமே தாங்குகின்றன. இரண்டையும் ஒரே பிரிவாக்கினால், நடுவில் தோன்றும் சுமைச் சேதத்தை விளிம்பின் நல்ல நிலை மறைத்துவிடும். பழைய ஓடுபாதையைப் பின்னாளில் நீட்டியிருந்தால் அந்த நீட்டிப்பும் தனிப் பிரிவாகவே இருக்க வேண்டும். இந்த எல்லைகளை ஆய்வுக்கு ஆய்வு மாற்றுவது பெரும் தவறு. மாற்றினால் முந்தைய ஆய்வின் எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட வழியே இராது.

அடுத்தது பணி வரலாறு. எந்த ஆண்டு எந்த அடுக்கு போடப்பட்டது, அதன் தடிமன் என்ன, எப்போது மேற்பூச்சு பூசப்பட்டது என்பதைப் பேவ்ஏரில் பிரிவுவாரியாகப் பதியலாம். பலர் இந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு ஆய்வுப் பக்கத்துக்குத் தாவுகிறார்கள். அது களத்திலேயே குழப்பத்தை உண்டாக்கும். பழைய கான்கிரீட் தளத்தின் மேல் தார்க்கலவை போட்டிருந்தால், கீழே உள்ள பலகைகளின் இணைப்புகள் காலப்போக்கில் மேலே விரிசலாகத் தெரியும். ஆய்வு முறை இதைச் சாதாரண நீள, குறுக்கு விரிசலிலிருந்து தனியாகப் பதியச் சொல்கிறது. கீழே கான்கிரீட் இருப்பதும் அதன் பலகை அளவும் ஆய்வாளருக்குத் தெரியாவிட்டால் அவர் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து இந்தப் பக்கத்தை நிரப்புவதற்குச் செலவாகும் நேரம் முழுவதும் பயனுள்ளது என்பது என் அனுபவம்.

இனி களப்பணி. பேவ்ஏர் கணக்கிடும் பிசிஐ, ஏஎஸ்டிஎம் டி5340 என்ற தரநிலையின்படி அமைந்தது. அதன் வேர் 1970-களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கட்டுமான ஆய்வுக்கூடம் விமானப் படைக்காக உருவாக்கிய முறையில் இருக்கிறது. முகமது ஷாஹின் அந்த முயற்சியின் முதன்மைப் பொறியாளர். தார்த் தளமானால் ஒரு மாதிரிக் கட்டம் ஏறத்தாழ 5,000 சதுர அடி, இதில் 2,000 சதுர அடி கூடவோ குறையவோ இருக்கலாம். கான்கிரீட்டானால் 20 பலகைகள், இதில் எட்டு கூடவோ குறையவோ இருக்கலாம். தேர்ந்தெடுத்த கட்டத்தை ஆய்வாளர் நடந்து பார்த்து, ஒவ்வொரு சேதத்தின் வகையையும், அது குறைவானதா நடுத்தரமானதா கடுமையானதா என்ற தீவிரத்தையும், அதன் அளவையும் குறிக்க வேண்டும். சுமையால் முதலையின் தோல்போல வலையாகப் பரவும் முதலைத்தோல் விரிசலுக்குப் பரப்பு, தனி விரிசலுக்கு நீளம், கான்கிரீட்டில் பெரும்பாலான சேதங்களுக்குப் பலகைகளின் எண்ணிக்கை என்று அளக்கும் விதமும் மாறும்.

தீவிரத்தைத் தீர்மானிக்கும் எல்லைகள் மிக நுணுக்கமானவை. தார்த் தளத்தில் சக்கரத்தடப் பள்ளம் 6 முதல் 13 மில்லிமீட்டர் வரை ஆழமிருந்தால் குறைவு, 25 மில்லிமீட்டர் வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இதைக் கண்ணால் மதிப்பிட்டால் நிச்சயம் பிழை வரும். நேர்சட்டத்தைத் தளத்தின் மேல் வைத்து அளந்தே ஆக வேண்டும். எண்ணெய்க் கசிவுக்கும், ஜெட் எஞ்சினின் வெப்பக் காற்றால் தளம் கருகுவதற்கும் தீவிர நிலைகளே இல்லை. இருந்தால் அளவை மட்டும் எழுதினால் போதும். ஒரு பரப்பில் கட்டம்கட்டமான விரிசலைப் பதிந்துவிட்டால் அதே பரப்பில் நீள, குறுக்கு விரிசலை மறுபடி எண்ணக் கூடாது. கான்கிரீட்டில் சிறு கற்கள் பெயர்ந்த குழிகள் பலகை முழுவதிலும் சராசரியாகச் சதுர கெஜத்துக்கு மூன்றுக்கு மேல் இருந்தால்தான் அதைச் சேதமாகவே கணக்கில் கொள்ள வேண்டும். இணைப்புகளை அடைக்கும் சீலன்ட்டின் நிலையைப் பலகை பலகையாக எண்ணாமல் மாதிரிக் கட்டம் முழுமைக்கும் ஒரே தீவிரமாகத் தர வேண்டும். இத்தனை விதிகளையும் பேவ்ஏர் ஓரளவு நினைவூட்டுகிறது. பொருந்தாத வகையைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. ஆனால் விரிசலின் அருகே குனிந்து நிற்கும் மனிதருக்குப் பயிற்சி இல்லையென்றால் எந்த மென்பொருளும் அவரைத் திருத்த முடியாது.

சாலைக்கான பிசிஐ முறையைக் கற்றவர்கள் இங்கே கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். விமானத் தளத்தில் ஒரு சேதம் எவ்வளவு கடுமையானது என்பதைப் பல இடங்களில் தீர்மானிப்பது, அதிலிருந்து கல்லோ கான்கிரீட் துண்டோ பெயர்ந்து வருமா என்ற கேள்விதான். சாலையில் ஒரு ஜல்லிக்கல் உதிர்ந்தால் பெரிய பாதகமில்லை. ஓடுபாதையில் அதை ஜெட் எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால் எஞ்சினே சேதமடையலாம். அகலம் குறைந்த விரிசலாக இருந்தாலும் ஓரங்கள் உடைந்து துண்டுகள் தளர்ந்து கிடந்தால் அதன் தீவிரம் உயர்கிறது. சாலை ஆய்வில் நெடுநாள் பழகியவரை முன்பயிற்சி தராமல் ஓடுபாதையில் இறக்கினால் அவர் இதைக் குறைத்தே எழுதுவார்.

எத்தனை கட்டங்களைப் பார்க்க வேண்டும் என்பதில் பேவ்ஏரின் பயனர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். தரநிலையிலுள்ள சூத்திரம், பிரிவின் சராசரி பிசிஐ உண்மை மதிப்பிலிருந்து ஐந்து புள்ளிக்குள் இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்வதற்கு எத்தனை கட்டங்கள் போதும் என்பதைத் தருகிறது. 5,000 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்ட தார் ஓடுபாதை முழுவதும் ஒரே பிரிவு என்று வைத்துக்கொண்டால் அதில் 100 கட்டங்கள் வரும். தார்த் தளத்துக்குத் தொடக்கத்தில் கொள்ளும் திட்டவிலக்கம், அதாவது கட்டத்துக்குக் கட்டம் பிசிஐ மாறுபடும் அளவு, 10 என்பதை இட்டுக் கணக்கிட்டால் 14 கட்டங்கள் போதும். 100-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஏழு; ஆகவே அவற்றை மனம்போன இடத்தில் தேர்ந்தெடுக்காமல், முதல் ஏழு கட்டங்களுக்குள் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, அதிலிருந்து ஏழாவது ஏழாவது கட்டமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் 20 கட்டங்கள் மட்டுமே உள்ள சிறிய பிரிவில் இதே சூத்திரம் 10 கட்டங்களைக் கேட்கும். பிரிவு சிறிதாகச் சிறிதாகப் பார்க்க வேண்டிய விகிதம் கூடுகிறது. எல்லாப் பிரிவுகளிலும் பத்தில் ஒரு பங்கு பார்த்தால் போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இதனால்தான் தவறு. மற்ற இடங்களில் காணாத மோசமான சேதம் ஓரிடத்தில் கண்ணில் பட்டால் அதைக் கூடுதல் கட்டமாகத் தனியே பதிய வேண்டும்; குலுக்கலில் வந்த கட்டங்களோடு அதைச் சமமாகக் கலந்து சராசரி எடுத்தால் பிரிவு முழுவதுமே கெட்டுவிட்டதாக எண் காட்டும். பேவ்ஏரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அது குலுக்கலில் வந்ததா, கூடுதலாகச் சேர்த்ததா என்று குறிக்கலாம். சிறிய வசதிதான், ஆனால் மிகவும் வேண்டப்பட்டது.

தரவு உள்ளே சென்றபின் கணக்கீடு நம்பகமாக நடக்கிறது. ஒவ்வொரு சேதத்தின் செறிவிலிருந்து கழிவு மதிப்பை, அதாவது அந்தச் சேதத்துக்காகக் குறைக்க வேண்டிய புள்ளிகளை, எடுத்து, பல கழிவுகள் சேரும்போது மொத்தம் மிகையாகாதபடி திருத்தி, 100-இலிருந்து கழித்து எண்ணைத் தருகிறது. கையால் செய்தால் வளைவரைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்துபோகும் வேலை இது. ஆனாலும் புதிதாகச் சேரும் இளம் பொறியாளர்கள் ஒரு கட்டத்தையாவது காகிதத்தில் முழுமையாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். எந்தச் சேதம் எண்ணை எவ்வளவு இறக்குகிறது என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

என் கருத்தின் மையம் இதுதான். ஒரு விமான நிலையத்துக்காக நான் பார்த்த ஆய்வறிக்கையில், ஆய்வை நடத்திய ஆலோசனை நிறுவனம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண்ணையும், பச்சை, மஞ்சள், சிவப்பு தீட்டிய ஒரு வரைபடத்தையும் அழகாக அச்சிட்டுத் தந்திருந்தது. சேதங்களின் அளவுகளோ, எந்தக் கட்டங்கள் பார்க்கப்பட்டன என்ற குறிப்போ எதுவும் இல்லை. கேட்டபோது அவை ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. அந்த அறிக்கையைப் பேவ்ஏரில் ஏற்றுவதற்கு வழியில்லை. அடுத்த ஆய்வோடு ஒப்பிடவும் வழியில்லை. பிசிஐ 65 கொண்ட இரண்டு டாக்ஸிவேக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் எண் இறங்கியதற்குக் காரணம் வெயிலில் தார் உலர்ந்து வந்த நீள, குறுக்கு விரிசல்களும் ஜல்லி உதிர்தலும். மற்றொன்றில் காரணம் சக்கரத்தடத்தில் தோன்றிய முதலைத்தோல் விரிசலும் பள்ளமும். முதலாவதற்கு விரிசல்களை அடைத்து மேற்பூச்சு பூசினால் பல ஆண்டுகள் ஓடும். இரண்டாவதில் அடித்தளமே சுமையைத் தாங்காமல் தளர்ந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் பூசும் பூச்சுக்குச் செலவிட்ட பணம் வீண். எண் இரண்டுக்கும் ஒன்றே. அளவுகள் மட்டுமே வேறுபாட்டைச் சொல்லும். பேவ்ஏர் அந்த அளவுகளைக் கட்டம்வாரியாக வைத்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிச் சென்று, சுமையால் வந்த சேதம் எவ்வளவு, காலநிலையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

வருங்கால நிலையைக் கணிக்கும் பகுதியும் மென்பொருளில் உண்டு. ஒரே வகையான பிரிவுகளை ஒரு குடும்பமாக்கி, அவற்றின் வயதுக்கும் பிசிஐக்கும் ஒரு வளைவரை பொருத்தி, இன்னும் சில ஆண்டுகளில் எண் எங்கே இருக்கும் என்று காட்டுகிறது. ஒரு மாநிலத்தின் எல்லா விமான நிலையங்களின் தரவும் ஒன்றாக இருக்கும்போது இது மிகப் பயனுள்ளது. ஆனால் ஒரே ஓடுபாதையும் இரண்டு டாக்ஸிவேக்களும் கொண்ட நிலையத்தில் ஒரு குடும்பத்துக்கு நாலைந்து புள்ளிகளே கிடைக்கும். அந்த வளைவரையை வைத்து நிதி கோருவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதேபோல் பராமரிப்புச் செலவைத் திட்டமிடும் பகுதியில் உள்ளூர் ஒப்பந்தக்காரர்களின் உண்மையான விலைகளை இட்டால்தான் முடிவுக்குப் பொருளுண்டு. நல்ல நிலையில் உள்ள தளத்தைத் தொடர்ந்து பேணும் செலவைவிட, கெட்டபின் சீரமைக்கும் செலவு நான்கைந்து மடங்கு என்று எஃப்ஏஏவின் சுற்றறிக்கை சொல்லியிருக்கிறது. அந்த விகிதத்தை நிதிக்குழுவின் முன் நம் தளத்தின் எண்களாலேயே காட்ட இந்தப் பகுதி உதவும்.

பேவ்ஏர் செய்யாதவற்றையும் வாங்குபவர், அதாவது இந்த இடத்தில் நேரத்தைச் செலவிடப் போகிறவர், தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பிசிஐ கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பைப் பற்றியது. தளம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதையோ, ஈர ஓடுபாதையில் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்குமா என்பதையோ அது நேரடியாக அளப்பதில்லை. தரநிலையே இதை ஒப்புக்கொள்கிறது. எடை தாங்கும் திறனுக்குத் தளத்தின் மேல் சுமையை விழச் செய்து அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவி வேண்டும். அந்த அளவுகளிலிருந்து அடுக்குகளின் வலிமையைக் கணிக்க எஃப்ஏஏ பேக்ஃபா என்ற வேறொரு மென்பொருளையும், மேடுபள்ள அளவைப் பகுத்தாய ப்ரோஃபாவையும், புதிய தளத்தின் தடிமனை வடிவமைக்க ஃபார்ஃபீல்டையும் தருகிறது. உராய்வுச் சோதனைக்கென்று தனி வண்டியே உண்டு. பிசிஐ 85 என்று திரையில் பார்த்துவிட்டுக் கனரக விமானத்துக்கு அனுமதி வழங்கலாம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது.

ராணுவப் பொறியாளர் படையின் பேவர் என்ற மென்பொருளோடு இதை ஒப்பிடுவது இயல்பு. பிசிஐ முறை பிறந்த இடத்திலிருந்தே வந்தது அது. சாலைகளையும் விமானத் தளங்களையும் ஒன்றாகக் கையாளும், பகுப்பாய்வு வசதிகளும் ஆழமானவை. பெரிய நிலையமாகவோ மாநிலத் துறையாகவோ இருந்து முழுநேரப் பொறியாளர் ஒருவர் இருந்தால் கட்டணம் செலுத்தி அதையே எடுக்கலாம். விமானத் தளம் மட்டுமே உள்ள, ஆண்டில் சில வாரங்களே இந்த வேலையைப் பார்க்கும் நிலையத்துக்குப் பேவ்ஏர் போதுமானது. இணைய உலாவி ஒன்றே போதும் என்பதும், நிலையம் விரும்பினால் தன் தரவைப் பிறர் பார்க்கத் திறந்து வைக்கலாம் என்பதும் இதற்குச் சாதகம். திறந்து வைத்த தரவைப் பக்கத்து நிலையத்தின் பொறியாளர் பார்த்து, தம் தளத்தின் தேய்மானத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

வண்டியில் பொருத்திய லேசர் கேமராக்களும் ட்ரோன்களும் வந்தபின் நடந்து பார்க்க வேண்டுமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. ஓடுபாதையை மூடி வைக்கும் நேரம் குறைவதும், எல்லாக் கட்டங்களையும் பார்த்துவிட முடிவதும் மறுக்க முடியாத நன்மைகள். இருபத்துநான்கு மணி நேரமும் விமானங்கள் இறங்கும் நிலையத்தில் இரவில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிப்பது கடினம். ஆனால் கான்கிரீட் விரிசல் குறைவா நடுத்தரமா என்பது 3 மில்லிமீட்டர் அகலத்தில் தீர்மானமாகிறது. சீலன்ட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது விரலால் அழுத்திப் பார்த்தால்தான் உறுதியாகிறது. படத்திலிருந்து எடுத்த தரவை ஏற்பதற்கு முன், சில கட்டங்களையாவது பயிற்சி பெற்ற ஒருவர் நடந்து பார்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். முந்தைய ஆய்வு நடந்து செய்ததாகவும் இந்த ஆய்வு படத்தால் செய்ததாகவும் இருந்தால், எண்ணில் வரும் மாற்றம் தளத்தினுடையதா முறையினுடையதா என்று தெரியாமல் போகும். எந்த முறையில் எடுத்தது என்பதைப் பேவ்ஏரின் குறிப்புப் பகுதியில் எழுதி வைப்பது அவசியம்.

இதைப் பயன்படுத்தத் தொடங்கும் நிலையங்கள், ஆய்வுக்கான ஒப்பந்தத்தைக் கோரும்போதே சில நிபந்தனைகளைச் சேர்த்துவிட வேண்டும். பிரிவு எல்லைகளை நிலையத்தின் ஒப்புதலின்றி மாற்றக் கூடாது. பார்த்த ஒவ்வொரு மாதிரிக் கட்டத்தின் எண்ணும் இருப்பிடமும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். சேத வகை, தீவிரம், அளவு ஆகிய மூன்றும் கட்டம்வாரியாகப் பேவ்ஏரில் ஏற்றித் தரப்பட வேண்டும். புகைப்படங்களும் தரவும் நிலையத்தின் உடைமையாக இருக்க வேண்டும். இறுதித் தவணை, நிலையத்தின் பொறியாளர் சில கட்டங்களைத் தாமே களத்தில் சரிபார்த்தபின்புதான் வழங்கப்பட வேண்டும்.